அப்புறம்?

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

படுத்தபடியே பெயரை மட்டும் பார்த்தாள். நயினார். ஷார்ஜாவிலிருந்து.

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து அவர்கள் கல்யாணம் மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை பெட்டி கட்டுவான். ஒவ்வொரு முறையும் விமானம் ரத்தாகும். மண்டபத்துக்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லோரிடமும் இப்போது ஒரே பதில்தான்.

"அப்புறம் பாத்துக்கிடலாம்."

அந்த வார்த்தை மெல்ல வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. தலை சீவுவது அப்புறம். குளிப்பது அப்புறம். எழுந்து ஜன்னலைத் திறப்பதுகூட அப்புறம்தான்.

போனிலும் அதே வார்த்தை.

சாப்பிட்டியா? சாப்பிட்டேன். நீங்க? ம். அப்புறம்? ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க. நான் என்னத்தச் சொல்ல? அப்புறம்?

ஏதாவது நடந்தால்தானே சொல்வதற்கு! இரண்டு பேரும் அந்தக் கேள்வியை மாறி மாறித் தள்ளிவிட்டு, கடைசியில் யாராவது ஒருவர் கொட்டாவி விடுவார்கள்.

அவன்மேல் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. அழுகை வந்தால் இன்னும் நல்லது. எதுவுமே வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'நாளைக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்லணும்.'

போதும், இந்தக் கல்யாணத்தை விட்டுவிடலாம். அவ்வளவுதான் விஷயம். படுத்துக்கொண்டே ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது.

இப்போது அதைச் சொல்வதற்கும் அலுப்பாக இருந்தது.

போன் அடித்து ஓய்ந்தது.

"ஏட்டி! இன்னைக்காவது அந்தப் பட்ட எடுத்து மடிப்பு மாத்தி வை. ஒரே மடிப்புல கெடந்தா இத்துப் போவும்!"

அடுக்களையிலிருந்து அம்மா. கை நிறைய இட்லி மாவு.

எழுந்தாள். அம்மா இன்னொரு தடவை கத்துவதைக் கேட்பதைவிட எழுந்திருப்பது சுலபம்.

பீரோவில் முகூர்த்தப் பட்டு. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. வாங்கி வந்த நாளிலிருந்து தூங்குகிறது.

பட்டுச்சேலையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆளோ மாவில் இருக்கிறாள்.

ஒரு முனையை நைட்டியின் மேலேயே இடுப்பில் சுற்றிச் சொருகிக்கொண்டு மறுமுனையை உதறினாள். கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் கொசுவம் வைத்துவிட்டது. முந்தியும் தோளில் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒலிபெருக்கி.

"தக்காளி, கத்திரிக்கா, வெண்டைக்கா..."

"ஏட்டி, ஓடு! வீட்டுல ஒத்தத் தக்காளி இல்ல. போச்சுன்னா இனி என்னைக்கு வருவானோ!"

கொடியில் கிடந்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

காய்கறி வண்டிக்காரர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா, கல்யாண வீடா?"

அப்போதுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். பூப்போட்ட நைட்டியின் கை. அதன்மேல் முகூர்த்தப் பட்டு. காலில் ஹவாய் செருப்பு, ஒன்று அவளுடையது, ஒன்று அம்மாவுடையது.

"ஆமா," என்றாள். வேறு என்ன சொல்ல?

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"அடேங்கப்பா! எப்போ?"

"அப்புறம்."

சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முகக்கவசத்துக்குள் முட்டியது. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காரணம் தெரியாமலே எதிர்மாடியில் யாரோ சிரித்தார்கள். வண்டிக்காரர் தக்காளியை நிறுத்துப் போட்டு, கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்தார். பிறகு யோசித்து இன்னொரு கொத்தும் வைத்தார்.

"இது மாப்பிள்ளைக்கு."

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! முகூர்த்தப் பட்டுல்லா அது! தாலி ஏறுமுன்ன தெருவுல கொண்டுபோய்..."

முந்தியைப் பிடித்து அவளை உள்ளே இழுத்தாள்.

இழுத்த பிறகுதான் இருவரும் பார்த்தார்கள்.

மாம்பழ மஞ்சளில் வெள்ளையாக ஐந்து விரல்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். முந்தியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அந்த முகம் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கும் தெரியும்.

"சரி விடு," என்றாள். "புதுத்துணிக்கு மஞ்ச வைக்கது வழக்கம். நாம மாவு வச்சாச்சுன்னு வச்சுக்கிடுவோம்."

போன் மறுபடி அடித்தது.

இந்த முறை எடுத்தாள்.

"சொல்லு," என்றான் நயினார். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. குரல் உள்ளே போயிருந்தது.

அவள் சொன்னாள். மடிப்பில் தொடங்கி, செருப்பு, வண்டிக்காரர், இரண்டாவது கறிவேப்பிலை, அம்மாவின் ஐந்து விரல் எல்லாம் சொன்னாள். நிறுத்தும்போதெல்லாம் அவன், "அப்புறம்? அப்புறம்?" என்றான். ஒரு கட்டத்தில் சிரிப்பு தாங்காமல் போனைக் கீழே போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தான்.

"ஒரு போட்டோ அனுப்பேன்."

"முடியாது. முகூர்த்தத்துக்கு முன்னால மாப்பிள்ளை பாக்கக் கூடாது."

"தெருவே பாத்துட்டுல்லா?"

"தெருவா எனக்குத் தாலி கட்டப் போவுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"நேத்து என்னமோ முக்கியமான விஷயம்னு போட்டிருந்தியே?"

அவள் முந்தியை மடியில் விரித்தாள். மாவு காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டப் போனவள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"அதுவா?" என்றாள். "அப்புறம் சொல்லுதேன்."