கறிக்கு எடுத்த மீன்

கூடை நிறைய மடவை மீன். தேசப்பனின் வலை மட்டும் நனையவே இல்லை.

அடையாறு கடலில் சேரும் இடத்தில், உடைந்த பாலத்துக்குக் கீழே, மீன்கள் தாமாகவே கரையோரம் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கிழவர் கையாலேயே அள்ளிப் போட்டார்.

ராயப்பேட்டையில் மெஸ் நடத்தும் ஷரஃபுதீன் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். ஐந்து நாளாக மீன் இல்லை என்று கேட்டுத் திரும்பியவன். இன்றும் இல்லையென்றால் இனிமேல் காசிமேடுதான், இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று நேற்றே சொல்லியிருந்தான். கிழவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கை அவன்தான்.

ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தான். ரத்தச் சிவப்பு.

"இன்னா நைனா, வலயும் நனையல, கூடயும் ரொம்பிக்கீது. மந்திரம் கிந்திரம் போட்டியா?"

தேசப்பன் மீனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"அத்தினியும் எங்க வூட்டு கறிக்கு. கெளம்பு."

விற்பதற்கு முன்னால் வீட்டுக் குழம்புக்கென்று நாலு மீனை ஒதுக்குவது குப்பத்து வழக்கம். கறிக்கு எடுத்ததற்கு எவனும் விலை கேட்கக் கூடாது. ஆனால் ஒரு கூடையையா? வீட்டில் இருப்பது கிழவரும் அவர் மனைவி வேலம்மாளும்தான்.

எவனோ கூடக் கொடுக்கிறேன் என்றிருக்கிறான், அதுதான் கிழத்துக்குக் கொழுப்பு என்று ஷரஃபுதீன் காதுபடவே முனகினான். பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

நினைத்துக்கொள்ளட்டும். உள்ளதைச் சொன்னால் மதியத்துக்குள் ராயப்பேட்டை முழுக்கப் பரவிவிடும். அப்புறம் குப்பத்துப் பெண்கள் விற்கும் கடல் மீனையும் எவனும் தொட மாட்டான்.

சோதனைக்கென்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போன அதிகாரிகள் ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காகிதம் கிடக்கட்டும். ஐம்பது வருஷமாக இந்த ஆற்றுமீனைத் தின்று வளர்ந்த உடம்பு அவருடையது. மூச்சுக்குத் தவித்து மீன் மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது, அவ்வளவுதான். ஒன்றை அறுத்தும் பார்த்திருந்தார். குடல் தார் மாதிரி கறுத்திருந்தது. பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது.

வண்டிச் சத்தம் அடங்கியதும் கூடையை மணல்மேட்டுக்கு இழுத்துப் போனார். மண்வெட்டி அங்கேயே கிடந்தது.

இடம் பார்த்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஐந்து குழிகள் மூடிக் கிடந்தன.