கடலுக்குள் ஒரு பொதுச்சுவர்

நிலம் அளக்கிறவர்களுக்கு இனி வேலையே இருக்காது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கடல் ஊருக்குள் வந்து தங்கிவிட்ட பிறகு அவர்களைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். மூழ்கிய வீட்டை அளந்து அதன் மேல் மஞ்சள் மிதவை கட்டினால்தான் மேட்டில் மாற்று மனை கிடைக்கும். மிதவை கட்டிவிட்டால் கீழே இருப்பது வீடு அல்ல, கடல்.

சர்வேயர் மரகதவல்லி ஊர் முழுக்க மிதவை கட்டிவிட்டாள். தன் தெருவை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அவள் கணவன் தணிகாசலம் அங்கிருந்த அவர்கள் வீட்டோடுதான் கடலில் போனான்.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு சூசை அவள் படகில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கு மனை வேணும்மா. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. உன் வீட்டை விட்டுட்டு என் வீட்டை எப்படி அளப்பே?"

அவள் படகைத் தன் தெருப்பக்கம் செலுத்தினாள். தண்ணீர் தெளிந்து கிடந்தது. கீழே மொட்டைமாடிக் கொடியில் பாசி, காயப்போட்ட துணிபோல் ஆடியது. மாடிக் கதவு வழியே மீன்கள் போய் வந்தன. நடுவில் அந்தச் சுவர். அதில் சூசை ஆணி அடித்ததற்காகத் தணிகாசலம் அவரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தான்.

ஈயக்குண்டு கட்டிய அளவுக் கயிற்றை எடுத்து அவள் தண்ணீருக்குள் விட்டாள்.

"மெதுவா இறக்கும்மா," என்றார் சூசை. "சுவத்துல இடிச்சே, உன் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துடுவான்."

மரகதவல்லி சிரித்துவிட்டாள். பிறகு குண்டை வேண்டுமென்றே சுவரில் ஒரு முறை இடித்தாள்.

இருவரும் கயிற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அதன் பிறகுதான் அவள் மிதவையைக் கட்டினாள்.