தபசு மரம்

“ஏங்க, பீலியில ரெண்டு டின் தண்ணி புடிச்சிட்டு வாங்க.”

சோலைமலை அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து கவ்வாத்துக் கத்தியை மூலையில் சாத்தியிருந்தான். காலையிலிருந்து தேயிலைச் செடி வெட்டிய கை விண்விண்ணென்று வலித்தது.

“கொடத்துல தண்ணி இருக்கே புள்ள?”

“அது குடிக்க. இது குளிக்க.”

“யாரு குளிக்க?”

“யாராச்சும்.” பூரணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தோள்ல வைக்காதீங்க, தளும்பும். கையிலேயே தொங்கவிட்டுத் தூக்கிட்டு வாங்க.”

மலைத்தண்ணி விழும் பீலிக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கும் நடுவே அறுபத்திரண்டு படி. அவன் மூச்சிரைக்க ஏறி வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வேலாயிக்கே பொறுக்கவில்லை.

“ஏண்டி பூரணி, அது மனுசனா, தோட்டத்து லொறியா?”

“லொறிக்கு எண்ணெ ஊத்தணும். இவருக்குக் கஞ்சி ஊத்துனாப் போதும்க்கா.”

லயமே சிரித்தது. சோலைமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் திருவிழாக் கூத்தில் தவம் இருக்கும் தபசு வேஷம் அவனுக்கு. விடிகிற நேரத்தில் முப்பதடி மரத்தில் ஏறி, உச்சியில் கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, கையை விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்க வேண்டும். பாட்டு முடியும்வரை கும்பிட்ட கை பிரியக் கூடாது.

பத்து வருஷமாக அதைச் செய்தவன் வைரவன். போன வருஷம் பாதிப் பாட்டில் விழுந்தான். உடைந்த கால் சரியாகக் கூடாமல், இப்போது சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். வேஷம் கைமாறிய அன்று, “மரம் ஏற மீசை மட்டும் போதாது” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான். சோலைமலையும் பதிலுக்கு ஏதோ சொல்ல, பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

ஒத்திகை பார்க்கலாம் என்றால் பூரணி விட்டால்தானே!

“இந்தக் கம்பளியைப் பிழிங்க. சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது.”

பிழிந்து நிமிர்ந்தால், “ஒரலு ஆடுது. ரெண்டு தொடையாலயும் இறுக்கிப் புடிச்சுக்குங்க, நான் மாவிடிக்கணும்.”

“கல்லு ஒண்ணு முட்டுக் குடுத்தா நிக்காதா?”

“கல்லுக்கு எங்க போறது?”

மலைநாட்டில் கல்லுக்குப் பஞ்சம்! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உரலைக் கட்டிப்பிடித்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த மூக்குத்தி. ரெண்டு நாளைக்கு ஒருதரம் தொலைந்தது.

“கட்டிலுக்கு அடியிலதாங்க விழுந்துச்சு. மேல படுத்துத் தலையைத் தொங்கப் போட்டு நல்லாத் தேடுங்க.”

முதல் நாள் தலை கிறுகிறுத்து எழுந்தான். போகப் போகத் திட்டிக்கொண்டே அரைமணி நேரம் தேடினான். கிடைத்தால்தானே.

ஒருநாள் வேலாயி மெதுவாகக் காதில் போட்டாள். “ஒம்பொண்டாட்டி அடிக்கடி வைரவன் வீட்டு வாசல்ல நிக்குறா. வைரவன் பொண்டாட்டியும் கூடத்தான் நிக்குறா. என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிறாங்க.”

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அவன் வீட்டுல ஒனக்கென்ன வேலை?”

“மோர் வாங்கப் போனேன்.”

“மோரா? நான் மரம் ஏறக் கூடாதுன்னு சேர்ந்து சதி பண்றீங்க. அதுக்குத்தான் என்னைய வேலை வாங்கியே சாகடிக்குற!”

பூரணி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “எனக்குப் புருசன் முழுசா வேணும். அவ்வளவுதான்.”

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவள் எந்த வேலையும் சொல்லவில்லை. கோபம் போல என்று அவனும் கேட்கவில்லை. தட்டில் முட்டை வைத்தாள், தின்றான்.

திருவிழா அன்று விடியலில் மூடுபனிக்குள் மரம் பாதிக்கு மேல் தெரியவே இல்லை. சடைமுடியும் தாடியுமாக ஏறினான் சோலைமலை. உச்சியில் காலைத் தூக்கிப் பின்னினான். தொடையை இறுக்கினான். சாமியை நினைத்துக் கையை விட்டான்.

தோட்டம் தலைகீழானது. தலை சுற்றவில்லை. கால் நடுங்கவில்லை. பனி விலகியபோது மரத்தடியில் வைரவன் நிற்பது தெரிந்தது. கண் கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ‘நான் விழுறதைப் பாக்க வந்திருக்கான்!’ அந்த ஆத்திரத்தில் பிடி இன்னும் இறுகியது. பாட்டு முடிந்தது. குலவைச் சத்தம் மலையெல்லாம் கேட்டது.

இறங்கி, மாலையோடு உட்கார்ந்தவனிடம் பூரணி பால் சேர்க்காத சாயத்தண்ணியை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“பாத்தியா? நீ என்ன வேலை வாங்கியும் நான் அசரல!”

“வாங்கலன்னா அசந்திருப்பீங்க. தண்ணி டின்னும் கம்பளியும் கைக்கு. ஒரலு தொடைக்கு. மூக்குத்தி, தலை கிறுகிறுக்காம இருக்க.”

வாய்க்குப் போன குவளை பாதியில் நின்றது.

“அப்ப மூக்குத்தி தொலையவே இல்லையா?”

“மடியிலதான் இருந்துச்சு.”

“அடிப்பாவி! இம்புட்டையும் நீயாவா யோசிச்சே?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன மரத்துல ஏறுனவளா?”

“பின்ன யாரு?”

பூரணி முகவாயை உயர்த்திக் காட்டினாள். பிரசாதத்துக்குக்கூட நிற்காமல் வைரவன் சாய்ந்து சாய்ந்து லயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

“எம்பேரச் சொன்னா ரோசத்துல செய்ய மாட்டான், நீ சொல்ற மாதிரியே சொல்லுன்னாரு. விழுந்தவருக்குத்தானேங்க தெரியும், எந்த எடத்துல பிடி நழுவும்னு!”