வகிட்டுக் குங்குமம்
கல்லின் வயது அறுநூற்றுப் பத்து கோடி வருஷம் என்று இயந்திரம் காட்டியதும் ஆய்வுக்கூடமே சிரித்தது. பூமிக்கே நானூற்றைம்பதுதான், பிள்ளை தாயைவிட மூத்துவிட்டது. நல்லபெருமாள் சார் மட்டும் சிரிக்காமல், அந்தக் கல்லின் படிகத்தைக் கரைத்துக் கொடுத்த அமுதவல்லியின் தலையைப் பார்த்தார். கல்யாணம் முடிந்து அன்றுதான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். உள்ளே வருமுன் பொட்டைக் கழுவியவள் வகிட்டை மறந்துபோனாள். வகிட்டில் குங்குமம் வைத்துப் பழகியதே நாலு நாளாகத்தானே.

"கடைக் குங்குமமா? சிலதுல ஈயம் கலந்திருக்கும்மா," என்றார்.

அவளுக்குக் காது சுட்டது. கல்லுக்குள் யுரேனியம் அவசரமே இல்லாமல், ஒரே சீராக ஈயமாகிக்கொண்டே இருக்கும். அந்த ஈயத்தை அளந்துதான் அங்கே வயது சொல்கிறார்கள். தலையை அலசிக் குல்லா மாட்டிக்கொண்டு வந்து, அதே கல்லிலிருந்து இன்னொரு படிகத்தை எடுத்து, மணலைவிடச் சின்னதான அதை மூச்சுப் பிடித்துக் கரைத்தாள். இருநூற்று ஐம்பத்திரண்டு கோடி என்று வந்தது.

"அப்போ மிச்ச முந்நூத்தம்பத்தெட்டு கோடி வருஷம் சார்?"

"உன் தலையிலேர்ந்து விழுந்த ஒரு தூசிம்மா."

சாயங்காலம் வாசலில் வண்டியோடு நின்ற கதிரேசன் அவள் வெறும் நெற்றியைப் பார்த்தான். அவள் பையிலிருந்த சிமிழைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து வகிட்டுக்குக் கொண்டுபோனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சிந்தாம வைங்க," என்றாள். "அதுல ரொம்ப வருஷம் இருக்கு."