கறுப்புப் படிவு

குழாயை நீளவாக்கில் பிளந்ததும் கூழ்முட்டை நாற்றம் எழுந்தது.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. பழகிவிட்டது.

பால்டிக் கடலின் அடியிலிருந்து உருவியெடுத்த சேறு. ஆளுயரத்தைவிட நீளம். ஆய்வுக்கூட மேசையில் இரண்டு பாதிகளாகக் கிடந்தது.

அடியில் சாம்பல் நிறக் களிமண். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகி ஓடிய காலம். கோடைக்கு ஒரு வரி, குளிருக்கு ஒரு வரி.

அதற்கு மேல் நன்னீர் வண்டல். அப்போது இது கடலே இல்லை. ஏரி.

அதற்கும் மேல் உப்பு. மேற்கே நீரிணை திறந்து சமுத்திரம் உள்ளே வந்திருக்கிறது. சிப்பித் துணுக்குகள்.

பிறகு கறுப்பு.

மெல்லிய கறுப்பு வரிகள், கலையாமல் அடுக்கடுக்காக. கலைப்பதற்கு ஒரு புழுகூட அங்கே உயிரோடு இருக்கவில்லை. அடித்தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோயிருந்தது.

அந்தக் கறுப்பு உச்சியில் மட்டும் இல்லை. கீழேயும் இருந்தது. உரமூட்டை என்ற ஒன்றை உலகம் அறியாத நூற்றாண்டுகளிலும் இருந்தது.

அறிக்கையில் எழுதினாள்: ‘இந்தக் கடலின் அடி இதற்கு முன்பும் மூச்சிழந்திருக்கிறது.’

அதன் கீழே: ‘ஆனால் இவ்வளவு விரைவாக அல்ல. இம்முறை காரணம் வயல்களிலிருந்து வடியும் உரம். அதில் பெருகி அழுகும் பாசி பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது.’

கூட வேலை செய்த இங்கெர் வாசித்துப் பார்த்தாள்.

“முதல் வரியை எடுத்துவிடு. அதை மட்டும் கவ்விக்கொண்டு போவார்கள்.”

“சேற்றில் இருக்கிறதே,” என்றாள் அவள்.

எடுக்கவில்லை.

*

சுவீடனின் அந்தக் கரையோரச் சிறு நகரத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. குடாவைச் சுற்றியுள்ள பண்ணைகள் உரத்தைக் குறைக்க வேண்டுமா என்று அன்று நகரசபையில் வாக்கெடுப்பு.

கடைசி வரிசையில் அவள் கணவன் தயாபரன். மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. கொட் மீன் வரத்துக் குறைந்து, தொழிற்சாலை பாதி நாள் மூடியே கிடந்தது. கடல் தேறினால் மீன் திரும்பும் என்று அவன் நம்பினான். அவள்தான் அப்படிச் சொல்லியிருந்தாள்.

விவசாயிகள் சங்கத்துக்காக ஹோகான் எழுந்தார். பெரிய பண்ணைக்காரர். மென்மையான குரல்.

அவளுடைய நீண்ட தமிழ்ப் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தார். அதற்கெனப் பழகியிருக்க வேண்டும்.

முதல் வரியை வாசித்தார்.

தாளை மடித்தார்.

“நம் பாட்டன்மாருக்கு முன்பே இந்தக் கடல் செத்துப் பிழைத்திருக்கிறது. நான் சொல்லவில்லை. இதற்கென்றே படித்தவர் சொல்கிறார்.”

அவள் எழுந்துவிட்டாள்.

“அடுத்த வரியையும் வாசியுங்கள்.”

“அறிக்கை எல்லோர் கையிலும் இருக்கிறது,” என்றார் நகரசபைத் தலைவர். “நேரமாகிறது.”

ஒலிவாங்கி இல்லாமலே அவள் சத்தமாகச் சொன்னாள். வயல், வடிகால், உரம். முன்வரிசையில் யாரோ மேற்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கைகள் உயர்ந்தன. உரம் வென்றது.

வாசலில் ஹோகான் காத்திருந்தார். கையை நீட்டினார்.

“உங்கள் நேர்மை எங்களுக்குப் பெரிய உதவி.”

கேலி இல்லை. மனமாரத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை தானாக நீண்டுவிட்டது.

காரில் திரும்பும்போது தயாபரன் கேட்டான்.

“ஏன் அந்த வரியை எழுதினனீர்?”

“அது உண்மையப்பா.”

“உண்மைதான். எனக்கு விளங்குது.”

கண்ணாடியில் மழை வழிந்தது. வைப்பரைப் போட்டான்.

“அவையளுக்கும் நல்லா விளங்கியிருக்கு.”

*

பனி கரையுமுன் தொழிற்சாலையைப் பூட்டினார்கள்.

தயாபரன் பகல் முழுக்க வீட்டில் இருந்தான். தொலைக்காட்சி ஓடும். பார்க்க மாட்டான். பெரிய நகரங்களில் கேட்டுப் பார்த்தான். இந்த வயதில், இந்த சுவீடிஷில், மீன் வெட்டத் தெரிந்த ஒருவனை யாரும் தேடவில்லை.

சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்புவான்.

ஏனென்று அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். புதிய சேற்றைப் பற்றியும் வீட்டில் பேசுவதில்லை.

வசந்தத்தில் ஒரு பின்னேரம் பச்சை மேலங்கியோடு வந்தான். புதிது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

“வேலை கிடைச்சிட்டுது.”

“எங்க?”

“ஹோகான்ர பண்ணையில.”

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“என்ன வேலை?”

“உரம் விசிறுற மெசின் ஓடுறது. ரெண்டு நாள் பழக்கினாப் போதுமாம்.”

கையைக் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். அவள் முதுகைப் பார்த்தபடி சொன்னான்.

“அவர் ஒண்டும் கேக்கேல்ல. உம்மட மனுசன் எண்டு சொன்னன். எழும்பி வந்து கை குடுத்தார்.”

அவள் சோறு போட்டாள். கறியை விட்டாள்.

அவன் சாப்பிட்டான். சோற்றுக்கோப்பை வெறுமையானது.

வெகுநாளைக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் கேட்டான்.