ஞானஸ்நானச் சீட்டு

இலங்கை மலைநாட்டின் நானுஓயா ஸ்டேஷனில் பனி இன்னும் விலகவில்லை. இருபத்தாறு வருஷம் தேயிலைத் தோட்டங்களில் மிஷன் ஊழியம் செய்த எடித் அம்மா, இனித் திரும்பி வராத பயணமாகச் சீமைக்குப் புறப்பட்டு, வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஜனங்கள் போட்ட டேலியா மாலை ஈரமாகக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ராக்காயி நிற்கிறாள்; நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிற்றுத் தடம், கையில் எடித் அம்மா ஞானஸ்நானத்தன்று எழுதிக் கொடுத்த சீட்டு. "பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டேங்கம்மா. தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டுல ராக்காயி, இந்தச் சீட்டுல ரெபேக்கா. ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்ப மாட்டோம்னு தள்ளிட்டாங்க." எடித் அம்மா அவசரமாகப் பேனாவைத் திறக்கிறார். "இரு, ரெண்டும் நீதான்னு எழுதித் தர்றேன்." "எனக்கு மட்டுமில்லீங்கம்மா. நீங்க பேர் வச்ச அத்தனை பேருக்கும் இதே கதிதான்." பேனா தாளில் ஊன்றியபடியே நின்றுவிடுகிறது, மை ஒரே இடத்தில் ஊறிப் பரவுகிறது. எத்தனை நெற்றிகளில் தண்ணீர் தெளித்த விரல்கள் அவை! பழைய பெயரையும் பக்கத்தில் எழுதி வைக்க ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. பாவத்தோடு அதுவும் கழுவுண்டு போகட்டும் என்றுதான் இருந்தார். விசில் ஊதுகிறது. வண்டி அசைகிறது. நீட்டிய கையோடு கூடவே நடந்து வந்தவள் பிளாட்பார முனையில் நின்றுவிடுகிறாள். எடித் அம்மா தலையை வெளியே நீட்டி, "ரெபேக்கா!" என்று கதறுகிறார். கோபமில்லை அவள் குரலில், களைப்புத்தான். "ராக்காயிங்கம்மா."