பாடு பிரிக்கும் மெஷின்

மீனவர் சங்க அறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் திரையை முதுகால் மறைத்தபடி உட்கார்ந்தார் நீலமேகம்.

வைஷ்ணவிக்கு அது போதும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "இன்னாத்த மாமா மறைக்கிற? பச்சையம்மா அத்தைக்கு மட்டும் வருசா வருசம் சேத்துப் பக்கமே எப்படி வுழுது?"

"ஆஸ்டல்லேந்து வந்ததும் ஊர் நாயம் பேசறியா?"

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு பிரிப்பது அந்த மெஷின்தான். சீட்டுக் குலுக்கி மண்டை உடைந்த காலத்தில், யாரோ ‘பேசிக்’ என்ற பழைய கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிக் கொடுத்த புரோகிராம். மனிதக் கை படாததால் ஊர் அதை அம்மன் வாக்காகவே நம்பியது.

"தொடாத. நின்னுச்சுன்னா இந்தப் பாஷை தெரிஞ்சவனுக்கு எங்க போறது? செத்துப்போன பாஷைன்னு நீதான சொன்ன."

"செத்துதான் போச்சு. நம்மூர்லதான் பொதைக்காம வெச்சிருக்கீங்க."

வெளியே பேர் கொடுக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளுடைய நைனா அங்கமுத்து ஒதுங்கி நின்றார். "புருசன் இல்லாதவ, வெயில்ல நிக்க வேணாம். பச்சையம்மா மொதல்ல சொல்லட்டும். நான் கடைசியா சொல்லிக்கிறேன்."

"மொதல்ல சொல்லி இன்னாண்ணா ஆச்சு?" என்றாள் பச்சையம்மா. "இந்த வருசமும் சேறுன்னா, மவன் வலைய வித்துட்டு மெட்ராசுக்குக் கூலிக்குத்தான் போவான்."

வைஷ்ணவி நீலமேகத்தை நகர்த்திவிட்டு, புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். திருட்டு வரி எதுவும் இல்லை. இருக்க வேண்டிய ஒரு வரிதான் இல்லை.

"நீ திருடல மாமா," என்றாள், மனசில்லாமல். "குலுக்கல்னு பேருதான். ஒவ்வொரு தடவையும் புதுசா குலுக்குன்னு எழுதாம வுட்டுட்டான். எப்ப ஓட்டுனாலும் அதே வரிசைதான். மொதல்ல பேர் சொன்னவங்களுக்குச் சேறு. கடைசி ஆளுக்கு மீன் கொட்டுற முகத்துவாரம்."

நீலமேகம் கீபோர்டைக் காட்டினார். "எனக்கு ஸ்விட்சு போடத்தாம்மா தெரியும். எந்த எழுத்து எங்கன்னு தடவுறத ஊர் பாக்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன்."

"ஒரு வரி போட்டா சரியாயிடும். ஆனா இது தெரிஞ்சே கடைசில நிக்கிற ஆளு எவனோ ஊர்ல இருக்கான். அவன சும்மா வுட மாட்டேன்."

விறுவிறுவென்று வெளியே வந்தவளின் கையை வாசலிலேயே பிடித்தார் அங்கமுத்து. பிடி வலித்தது. குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"கம்முனு இரு. உன்னப் படிக்க வெச்சதே அந்த முகத்துவாரம்தான்."